ரப்பர் பேண்ட் இல்லாத படம்

ஜனவரி 4, சனி

காலையில் ஒரு கல்லூரியிலிருந்து போன். காட்சித் தொடர்பியல் துறையில் உதவிப் பேராசிரியராம், பெயர் ரிஸ்வானா. குரலை வைத்துப் பார்த்தால் என் புடவைகள் சிலவற்றைவிட வயது குறைவு. வருகிற இருபத்திரண்டாம் தேதி மாணவர்களுக்கு நான் சிறப்புரை ஆற்ற வேண்டும். தலைப்பு, 'இணையச் சமூகங்களைக் கட்டியெழுப்புவது எப்படி?'

நான் கட்டியெழுப்பியது ஒரு முகநூல் குழு. பெயர் 'மாவு பொங்கலையா?' இட்லி மாவு பொங்காதவர்கள் வந்து அழும் இடம். அறுபதாயிரம் பேர் அழுகிறார்கள். மார்கழியில் கூட்டம் இன்னும் அதிகம். இதில் கட்டியெழுப்ப என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்து, "கட்டாயம் வர்றேம்மா" என்று சொல்லி வைத்தேன்.

சொக்கலிங்கத்திடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "அறுபதாயிரம் பேர் இருக்கட்டும் உமா. கீழ் வீட்டுக்காரங்க பேர் என்ன?" என்றார். இந்த அடுக்ககத்துக்கு வந்து ஒரு வருடமாகிறது. கணவர்கள் கேட்கக்கூடாத கேள்விகள் என்று ஒரு சட்டம் வரவேண்டும்.

சாயங்காலம் மாவாட்டும்போது எமில்டாக்காவிடம் சொன்னேன். அவர்தான் குழுவின் இன்னொரு நிர்வாகி. நாகர்கோவிலில் பள்ளிக்கூட வேதியியல் டீச்சர். எட்டு வருடப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு மணிக்கு அங்கே அவர் கிரைண்டர் ஓடும், இங்கே என்னுடையது ஓடும், போன் ஸ்பீக்கரில் கிடக்கும். இரண்டு கிரைண்டர் சத்தத்தையும் மீறிப் பேசவேண்டும் என்பதால் இருவரும் கத்துவோம். மறுநாள் எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். சொக்கலிங்கம் அந்த நேரத்துக்கு வாக்கிங் போய்விடுவார்.

எமில்டாக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார். "பிள்ளைகளுக்கு ரப்பர் பேண்டைப் பத்திச் சொல்லு மக்கா. மத்ததெல்லாம் சும்மா."

ஜனவரி 7, செவ்வாய்

உரைக்குப் படக்காட்சி தயாரிக்கிறேன். முதல் படத்தில் 'தொலைநோக்கு' என்று போட்டேன். எட்டு வருடம் முன்பு எனக்கு இருந்த தொலைநோக்கு இதுதான்: மாவு பொங்கவில்லை, மறுநாள் மாமியார் வருகிறார். ஆத்திரத்தில் ஒரு குழு தொடங்கிப் புலம்பினேன். மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் எமில்டாக்கா. வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பொங்கலன்னா எப்படித் தெரியும்? ஆரம்பத்துல எதுவரைக்கும் இருந்துச்சுன்னு அடையாளம் வச்சியா?" என்று கேட்டார்.

அப்படி வந்ததுதான் குழுவின் முதல் விதி. மாவைக் கரைத்து வைத்ததும் பாத்திரத்தைச் சுற்றி, மாவின் மட்டத்துக்கு நேராக ஒரு ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும். காலையில் அந்த ரப்பர் பேண்ட் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட வேண்டும். பேண்டுக்கு மேலே மாவு வந்திருந்தால் எல்லோரும் கைதட்டுவோம். வரவில்லையென்றால் வைத்தியம் சொல்வோம். ரப்பர் பேண்ட் இல்லாத படத்தை ஏற்பதில்லை. உறுப்பினர் யாராக இருந்தாலும் சரி. ஒரு தடவை எமில்டாக்கா தன் சொந்த நாத்தனாரின் பதிவையே திருப்பி அனுப்பினார். அந்த அம்மாள் இன்னும் பேசுவதில்லை. அக்காவுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் மாணவர்களிடம் எப்படிச் சொல்வது? இரண்டாவது படத்தில் 'உணர்வுபூர்வமான பிணைப்பு' என்று போட்டிருக்கிறேன். ரப்பர் பேண்டைவிட அது கௌரவமாக இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

நான் தேடிக்கொண்டிருந்தது தானாகவே வந்தது. ஒப்புதலுக்குக் காத்திருந்த பதிவுகளில் ஒன்று. பெயர், குழலி டண்டீ. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் படிக்கிற பெண். எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"அம்மா போன மாசம் இறந்துட்டாங்க. மாவாட்டக் கத்துக்கோன்னு சொல்லிட்டே இருப்பாங்க, நான் கேட்டதே இல்லை. நேத்து முதல் முறையா அரைச்சேன். பொங்கலை. யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியலை."

கூடவே ஒரு எவர்சில்வர் பாத்திரத்தின் படம். ரப்பர் பேண்ட் இல்லை.

எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு நாட்காட்டியைப் பார்த்தேன். உரைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. நான் மோசமானவள் இல்லை, இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன, அவ்வளவுதான்.

எமில்டாக்கா அந்தப் பதிவை நிறுத்தி வைத்திருந்தார். நான் ஒப்புதல் கொடுத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

குழுவே உருகிப்போயிருக்கிறது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் உளுந்து அனுப்புகிறேன் என்கிறார். இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் தையல்நாயகி அம்மா, அறுபது தாண்டியவர், கும்பகோணத்துக்காரர், "அடுப்பு ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வை கண்ணு" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

சாயங்காலம் கிரைண்டரைப் போட்டதும் எமில்டாக்கா ஆரம்பித்தார். நான் நிறுத்தி வைத்ததை நீ ஏன் விட்டாய் என்று கேட்டார். தாயை இழந்த பெண்ணிடம் போய் ரப்பர் பேண்ட் கேட்பதா என்றேன். அம்மா செத்தாலும் மாவுக்கு அடையாளம் வைக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது.

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். "படத்த நல்லா பாத்தியா? பாத்திரத்து உள்பக்கம் மாவுக்கு ஒரு விரக்கடை மேல கோடு ஒட்டிக் காஞ்சிருக்கு. அது பொங்காத மாவு இல்ல மக்கா. நல்லா பொங்கி, ஒரு நாள் கெடந்து, அமுங்கின மாவு. அந்தக் குளிருல ஒரே ராத்திரியில எப்படிப் பொங்கி அமுங்கும்? இது கத."

எனக்கும் அந்தக் கோடு தெரிந்திருந்தது. பாத்திரம் சரியாகக் கழுவியிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "அக்கா, எல்லாத்தையும் லேப் மாதிரி பார்க்காதீங்க. மனுஷங்களும் இருக்காங்க. இந்தக் குழு இவ்வளவு வளர்ந்தது உங்க விதியாலன்னு நினைக்கிறீங்களா?"

கிரைண்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று ஒரு நொடி நம்பினேன். அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. "சரி உமையாள்" என்றார். போன் வைக்கப்பட்டது.

எட்டு வருடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 12, ஞாயிறு

உரைக்கான வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மாவாட்ட நேரமில்லை. முனைக் கடையில் ஒரு பாக்கெட் மாவு வாங்கி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தேன். பாக்கெட்டைக் கடையிலிருந்து துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். லிஃப்ட்டில் கீழ் வீட்டுப் பெண்மணி சிரித்தார். நானும் சிரித்தேன். பெயர் கேட்டிருக்கலாம். மாவோடு பிடிபடும் பயத்தில் தோன்றவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

ஒவ்வொரு வருடமும் முதல் வாழ்த்து எமில்டாக்காவிடமிருந்து வரும். காலை ஐந்தரைக்கே, கரும்பு படத்தோடு. இந்த வருடம் நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது. மற்ற நூற்றுச் சொச்சம் பேரின் கரும்பு வந்துவிட்டது.

ஜனவரி 15, புதன்

பாக்கெட் மாவு.

ஜனவரி 16, வியாழன்

ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பதிவுகள் குவிந்துவிட்டன. ஒரு நாளைக்கு இவ்வளவு வருகிறதா? இதுவரை எனக்குத் தெரியாது. காலையில் நான் எழுந்து பார்க்கும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும், அது குழுவின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். நான்காவது படத்தில் 'நல்ல சமூகம் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும்' என்று எழுதியிருந்தேன். இப்போதைக்கு அது இருக்கட்டும்.

இன்று நான் விட்ட பதிவுகளில் ஒன்று முழங்கால் வலித் தைலம் விற்கிறது, இன்னொன்று மனை விற்கிறது. மனைக்காரர் மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் படம் போட்டிருந்தார், விதியை மதிக்கும் மனிதர்.

நிர்வாகிகள் பட்டியலைப் பார்த்தேன். எமில்டாக்கா பெயர் இன்னும் இருக்கிறது. படக்காட்சிக்கு நிர்வாகிகள் எண்ணிக்கை தேவைப்பட்டதால்தான் பார்த்தேன். இரண்டு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜனவரி 18, சனி

குழலிக்குத் தினமும் எழுதுகிறேன். ஒற்றை வரியில் பதில் போடுகிறாள். 'தேங்க்ஸ் ஆன்ட்டி', 'ட்ரை பண்றேன் ஆன்ட்டி'. துக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் பேசமாட்டார்கள்.

தையல்நாயகி அம்மா குழுவில் அறிவித்திருக்கிறார்: வருகிற சனிக்கிழமை லீட்ஸிலிருந்து ரயிலில் டண்டீ போகிறாராம். மாவு, மிளகாய்ப் பொடி, தன் பழைய இட்லித் தட்டு எல்லாம் கொண்டுபோய் அந்தப் பெண்ணோடு ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறாராம். "முகவரி மட்டும் அனுப்பு கண்ணு." ஆயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். குழலி இன்னும் முகவரி அனுப்பவில்லை. கூச்சமாக இருக்கும்.

இந்த அறிவிப்பைக் கடைசிப் படமாக வைத்துவிட்டேன். ஒரு சமூகம் உறுப்பினருக்காக ரயிலேறுகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

எமில்டாக்கா அதற்கு இதயம் போடவில்லை. நான் பட்டியலை முழுக்கப் பார்க்கவில்லை, 'எ' வரிசையை மட்டும் பார்த்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நாளை உரை. கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். சொக்கலிங்கம் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "மாவு இப்பல்லாம் ஒரே மாதிரி வருதே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு, "பத்து நாளா நான் வாக்கிங் போகவே இல்ல, கவனிச்சியா?" என்றார். போகவேண்டியதுதானே, யார் தடுத்தார்கள் என்றேன்.

ஜனவரி 22, புதன்

கல்லூரி வாசலில் என் முகத்தோடு ஒரு பேனர். முகநூலில் இருந்து எடுத்த படம், நான் இட்லிப் பானையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பானை வெட்டப்பட்டு மூடி மட்டும் என் மார்பில் பதக்கம் மாதிரி தெரிந்தது. கீழே 'இணையச் சமூகக் கட்டமைப்பு வல்லுநர்'. பொன்னாடை போர்த்தினார்கள்.

அரைமணி நேரம் நன்றாகவே போனது என்று நினைக்கிறேன். தொலைநோக்கு, பிணைப்பு எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். பிறகு குழலியின் பதிவைத் திரையில் போட்டு வாய்விட்டுப் படித்தேன். "யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியலை" என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. ஒத்திகையிலும் அங்கேதான் உடைந்தது. வகுப்பு அப்படியே உறைந்திருந்தது. சாதித்துவிட்டோம் என்று நினைத்தேன். தையல்நாயகி அம்மாவின் ரயில் அறிவிப்பையும் போட்டேன். இரண்டாம் வரிசையில் ஒருவன் குனிந்து தோள் குலுங்கினான். அழுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி நேரம். ஒரு பையன் எழுந்தான். "மேம், ஒரு பதிவு உண்மையா பொய்யான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும், எனக்கே தண்டனையாக. "எட்டு வருஷ அனுபவம்ப்பா. படிச்சதுமே மனசுக்குத் தெரிஞ்சிடும்."

சிரிப்பு வெடித்தது. ரிஸ்வானா சிரிக்கவில்லை. சுவர் மாதிரி வெளுத்துப்போய், பின்வரிசையைப் பார்த்து, "யாரு?" என்று கேட்டாள். அங்கிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் மோனிஷா. துறையூர்க்காரி.

ஓர் இணையக் குழுவில் சேர்ந்து, உறுப்பினர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்து எழுதச் சொல்லி ரிஸ்வானா உள்மதிப்பெண்ணுக்கு வேலை கொடுத்திருந்தாள். பேசவருபவரின் குழுவிலேயே சேரலாம் என்று மோனிஷாவுக்குத் தோன்றியிருக்கிறது. கேள்வி கேட்டால்தான் பதில் வரும். சாதாரணக் கேள்வி கேட்டால் இரண்டு பேர்தான் பதில் சொல்வார்கள். அதனால் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்த மாவு?" என்று கேட்டேன். அந்த நிமிடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"அம்மா அரைச்சது மேம். முந்தின நாள் மாவு. பொங்கி அமுங்கிடுச்சு."

ஜனவரி 23, வியாழன்

ரிஸ்வானா போனில் அழுதாள். மோனிஷாவும் பக்கத்தில் இருந்து மன்னிப்புக் கேட்டாள். பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம், குழலி ஊர் திரும்பிவிட்டாள் என்று ஒரு வரி போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ரிஸ்வானா சொன்னாள். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. முழுதாக ஒரு காபி குடிக்கும் நேரம் அது நல்ல யோசனையாகவே இருந்தது.

ஆனால் தையல்நாயகி அம்மா ஏற்கனவே மாவு கரைத்துவிட்டார். பேண்ட் மாட்டிய படம் போட்டிருக்கிறார்.

அவருக்குப் போன் செய்தேன். குரலைக் கேட்டதும், "என்னம்மா, முகவரி வந்துடுச்சா?" என்றார். சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமுடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்போ அந்தப் பொண்ணோட அம்மா உயிரோடதான் இருக்காங்க."

"ஆமாம்மா. துறையூர்ல இருக்காங்க."

"எங்கம்மா போனப்போ நான் இங்கதான் இருந்தேன் உமையாள். போக முடியல. இத்தனை நாளா அந்தப் பொண்ணுக்காகன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன்." பிறகு, "இந்த மாதிரி வந்தா நீங்க ஏதோ அடையாளம் பார்த்துத்தானே விடுவீங்க?" என்று கேட்டார்.

பார்ப்போம் அம்மா என்றேன். இந்தத் தடவை பார்க்கவில்லை, பார்த்தவரின் பேச்சையும் நான் கேட்கவில்லை என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். "மாவு இருக்கு, என்ன பண்றதுன்னு பார்க்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜனவரி 24, வெள்ளி

எமில்டாக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். இப்படி மூன்று தடவை. நான் அழைத்தது அவர் போனில் பதிவாகியிருக்குமா என்று கூகுளில் தேடினேன். நாற்பத்தாறு வயது, முதுகலைப் பட்டம், வல்லுநர்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நானே அரிசியும் உளுந்தும் ஊறவைத்தேன். ஆறு மணிக்குக் கிரைண்டரைப் போட்டேன். கிரைண்டர் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. சொக்கலிங்கம் வாக்கிங் போக எழுந்து, சட்டை மாட்டி, என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

ஜனவரி 27, திங்கள்

பொங்கவில்லை.

காலையில் உட்கார்ந்து குழுவுக்கு எழுதினேன். டண்டீ குழலி என்று யாரும் இல்லை, ஒரு மாணவி பாடத்துக்காகப் போட்ட பதிவு அது, அவளுடைய அம்மா நலமாக இருக்கிறார். தவறு அவளுடையதைவிட என்னுடையது, ஏனென்றால் நிறுத்தி வைக்கப்பட்ட பதிவை விட்டவள் நான். அது என் உரைக்குப் பொருத்தமாக இருந்தது. எமில்டாக்கா படத்தைப் பார்த்ததுமே சரியாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. இந்தக் குழு நடப்பது அவரால்தான், விதியை வைத்தவரும் அதைக் காப்பாற்றுபவரும் அவர்தான், நான் காலையில் எழுந்து வந்து பெயர் வாங்கிக்கொள்கிறவள். இரண்டு வாரமாக என் வீட்டில் பாக்கெட் மாவு. நேற்று அரைத்தேன், பொங்கவில்லை. என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

தட்டையாகக் கிடந்த மாவைப் படமெடுத்துச் சேர்த்தேன். பிறகு நிர்வாகி பொறுப்பிலிருந்து என்னை நீக்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் பதிவை அனுப்பினேன். நிர்வாகியின் பதிவு யார் ஒப்புதலும் இல்லாமல் நேராக வெளியாகிவிடும். இது அப்படிப் போகக்கூடாது. குழுவில் இப்போது ஒரே ஒரு நிர்வாகி. திரையில் 'உங்கள் பதிவு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது. எட்டு வருடமாக மற்றவர்கள் பார்த்த வரியை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மதியம் காத்திருந்தது. சாயங்காலமும் காத்திருந்தது. படியிறங்கிப் போய்க் கீழ் வீட்டு மணியை அடித்து, மாவு பொங்கவில்லை, ஒரு கரண்டி புளித்த மாவு கிடைக்குமா என்று கேட்டேன். அவர் பெயர் கற்பகவல்லி. வீட்டில் எப்போதும் பாக்கெட் மாவுதானாம், கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார். எந்தக் கடை என்று கேட்டேன். அதே முனைக் கடை.

ஜனவரி 28, செவ்வாய்

காலை ஐந்தரைக்குப் போன் மினுங்கியது. என் பதிவு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் போகிற அதே வாசகம்: 'ரப்பர் பேண்ட் இல்லாத படம் ஏற்கப்படாது.' அதற்குக் கீழே தனியாக ஒரு வரி சேர்த்திருந்தது.

"பேண்ட் எங்க மக்கா? மறுபடி அரைச்சு, மாட்டிப் போடு."

படுக்கையில் உட்கார்ந்து அதை நாலைந்து தடவை படித்தேன். நிராகரிக்கப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருத்தியைப் பார்த்துச் சொக்கலிங்கம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அரிசி, உளுந்து, வெந்தயம் ஊறவைத்தேன். பிறகு ரப்பர் பேண்ட் தேடினேன். தேட வேண்டியதே இல்லை. அடுப்படி ஆணியில் கொத்தாகத் தொங்குகிறது. பாக்கெட் மாவின் வாயைக் கடைக்காரர் கட்டிக்கொடுப்பது ரப்பர் பேண்டால்தான்.

ஜனவரி 29, புதன்

நேற்று ஆறு மணிக்கு மாவாட்டினேன், சொக்கலிங்கம் வாக்கிங் போய்விட்டார். இன்று தொண்டை கட்டிவிட்டது.